மானுக்குப் போன கோல்ஃப் வண்டி

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கோல்ஃப் விளையாடத் தெரியாது. அப்படியிருந்தும் போன குளிர்காலம் முழுக்க என் கணவர் மஃரூப் வேலையால் வந்து, குளித்து, மஃரிப் தொழுது முடித்த கையோடு சோஃபாவில் சாய்ந்து, தொலைபேசியில் கோல்ஃப் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பனி கொட்டும். உள்ளே இவருடைய முகத்தில் மட்டும் ஏதோ ஒரு புல்வெளியின் பச்சை வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்.

"ஜலீலா, இஞ்ச பார். இதை ஆறு அங்குலம் உயர்த்தியிருக்கிறான்."

"ஆரை?"

"வண்டியைத்தான். டயரைப் பார். மரக்குத்தியில ஏறி இறங்கும்."

நானும் எட்டிப் பார்ப்பேன். பின்சீற்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரும்புத் தட்டுப் போட்டிருப்பார்கள். உடம்பெல்லாம் சேற்று நிறம் அடித்திருப்பார்கள். வெள்ளைக் காற்சட்டை போட்ட கனவான்களைப் புல்தரையில் ஏற்றி இறக்கிய வண்டி, காட்டுக்குப் போக ஆயத்தமாக நிற்கும். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் கூடும்.

காரணத்தைச் சொல்கிறேன். இவர் குளிருக்கு வீடுகளைச் சூடாக்குகிற ஃபர்னஸ் திருத்துகிறவர். முப்பது வருடமாகக் கனடாவில், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் ஆட்களுடைய பேஸ்மென்ற் தரையில் முழங்காலில் நின்று நின்று இடது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. படி ஏறும்போது ஒரு கையால் என் தோளைப் பிடிப்பார். ஆனால் நவம்பரில் மான் வேட்டை தொடங்கினால் அந்த முழங்கால் இவருக்கு மறந்துபோகும். பீற்றர்பரோவுக்கு வடக்கே கிளிபோட் என்ற கிழவருக்கு இருநூறு ஏக்கர் காணி இருக்கிறது. ஒரு நத்தார்ப் பண்டிகைக் குளிரில் அவருடைய ஃபர்னஸை இவர் திருத்திக் கொடுத்ததற்கு நன்றியாக, எப்போது வேண்டுமானாலும் வந்து வேட்டையாடு என்று சொல்லிவிட்டார். அன்று தொடங்கியது வினை.

எங்களுக்கு வேட்டை என்றால் துவக்கால் வெடி வைப்பதோடு முடிவதில்லை. வெடி வைக்கும்போது அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொன்னால் போதும் என்று சொல்கிற மார்க்க ஆலிம்களும் இருக்கிறார்கள். இவர் மன்னாரில் சின்ன வயதில் ஓதிப் படித்தது அப்படியில்லை. மான் விழுந்தாலும், உயிர் இருக்கும்போதே கத்தி அதனிடம் போய்ச் சேர வேண்டும். அறுத்தால்தான் அது இறைச்சி. கிடைப்பது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ தெரியாது. முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் இவர் ஓடிப் போய்ச் சேர்ந்தார்.

போன நவம்பரில் ஓட முடியவில்லை. மான் விழுந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது, நொண்டி நொண்டிப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கிறது. மானை அப்படியே கிளிபோட்டிடம் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டு வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று, "மான் மௌத்தாப் போச்சு, ஜலீலா" என்றார்.

எங்கள் ஆட்களின் பேச்சில் மௌத்து என்பது மனிதருக்கு. ஆடு மாடு செத்துப்போகும், கோழி செத்துப்போகும். மௌத்து என்றால் வீட்டில் ஆட்கள் கூடுவார்கள், யாஸீன் ஓதுவார்கள். "ஜனாஸா அடக்கம் எத்தினை மணிக்கு?" என்று கேட்க வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

மிச்சக் கதை மறுநாள் கிளிபோட் தொலைபேசியில் பேசியபோதுதான் தெரிந்தது. திரும்பி வருகிற வழியில் இவர் ஈர இலையில் வழுக்கி ஒரு பள்ளத்தில் விழுந்து, எழும்ப முடியாமல் மூன்று மணித்தியாலம் கிடந்திருக்கிறார். அந்தப் பள்ளத்தில் தொலைபேசி வேலை செய்யாது. கிளிபோட் ட்ரக்டரில் தேடிப் போய்த் தூக்கி ஏற்றி வந்திருக்கிறார். மானுடைய மௌத்தை என்னிடம் சொன்ன மனிதர் தனக்கு வந்திருக்கக்கூடியதை மறைத்துவிட்டார். வந்த கோபத்தில் நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசிய பேச்சைக் கேட்டதும், பேசாமல் இருந்ததே நல்லது என்று நினைத்திருப்பார்.

"இனி வேட்டை வேண்டாம்" என்றேன்.

"ஒரே ஒருக்கா. அடுத்த நவம்பர் நான் மானிட்டப் போய்ச் சேரேலாட்டி, துவக்கை ஆருக்கும் குடுத்திடுறன். வல்லாஹி."

வல்லாஹி என்று அல்லாஹ்மேல் சத்தியம் வாயால் வந்துவிட்டால் இவர் மாறமாட்டார். அது எனக்குத் தெரியும். இப்படித்தான் கோல்ஃப் வண்டி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. காட்டில் ஓடுகிற நாலு சில்லு மோட்டார் சைக்கிள் சரிவராதாம். காலை அகட்டி ஏற முழங்கால் விடாது, அதன் பெற்றோல் சத்தத்துக்கு மான் அடுத்த மாகாணத்துக்கே போய்விடும். மின்சார வண்டியென்றால் கதிரையில் இருக்கிற மாதிரி இருந்து போகலாம். "மூச்சு விடுற சத்தத்துக்குப் போகும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சோஃபாவில் இருந்தபடியே தேவதாரு மரங்களுக்குள் போய்விட்டார் என்று எனக்குத் தெரியும். நான் கொண்டுபோய் வைத்த தேத்தண்ணி ஆறும்வரை திரும்பி வரமாட்டார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மனிதர் முழுசாக வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு அந்தத் துவக்கு வீட்டை விட்டுப் போனால்தான் சரி என்று நினைத்தேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அதைத்தான் கேட்டேன்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒஷாவாவுக்குப் போனோம். ஊருக்கு வெளியே மரியோ என்பவனின் யார்ட் இருந்தது. கோல்ஃப் கழகங்கள் கழித்துவிட்ட வண்டிகள் உருகுகிற பனியில் வரிசை வரிசையாக நின்றன. முகில் விலகி வெயில் விழுந்ததும் எல்லாவற்றின் முன்கண்ணாடிகளும் ஒன்றாக மினுங்கின. ஐம்பது வண்டி நிற்கிற இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் இருவரும் எங்களை அறியாமலே குரலைத் தாழ்த்திப் பேசினோம்.

என்னை இவர் கூட்டிப்போனதற்குக் காரணம் உண்டு. நான் இருபத்திரண்டு வருடமாக மோர்னிங்சைட்டில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். காலையில் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி டயர், லைற், பிரேக், கீழே ஒழுக்கு எல்லாம் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் திறப்பைத் திருப்பி எஞ்சினை எழுப்புவேன். எந்த வாகனத்தைக் கண்டாலும் என் கால் அதைச் சுற்றிவர வெளிக்கிட்டுவிடும். இவர் என் கண்ணை நம்பினார்.

இரண்டு வண்டிகள் எங்களுக்குத் தோதாக இருந்தன. ஒன்று கரும்பச்சை. யாரோ ஏற்கெனவே உயர்த்தி, பெரிய டயர் பூட்டி, சீற்றுக்கு இலை போட்ட துணி தைத்து வைத்திருந்தார்கள். மற்றது வெள்ளை. பழைய கழகத்தின் பெயர்கூட அழியவில்லை, சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரிக் குட்டையாக நின்றது. இவர் நேரே பச்சையில் போய் ஏறினார். அவ்வளவுதான், ஆளைக் காணவில்லை. உடம்பு மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

நான் பச்சையின் மற்ற சீற்றைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஆறு ஈயப் பட்டரிகள், முனைகளில் வெள்ளையாகப் பூத்துப்போய். இவரை ஒருமாதிரி இறக்கிவிட்டு, யார்டின் பின்னால் இருந்த சரளைக்கல் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். முதல் தரம் கிடுகிடுவென்று ஏறியது. இரண்டாம் தரம் முனகியது. மூன்றாம் தரம் பாதி வழியில் பட்டரி மீற்றர் பாதிக்கு விழுந்துவிட்டது. பட்டரியும் மோட்டாரும் இரண்டுமே களைத்துவிட்டன, பார்வைக்குத்தான் வீரன் என்று மரியோவே ஒளிக்காமல் என்னிடம் சொன்னான். இவர் கேட்கிற தூரத்தில் இல்லை.

பிறகு வெள்ளையை எடுத்தேன். அதில் லித்தியம் பட்டரி, போட்டு ஒரு வருடம்தான். ஐந்து தரம் ஏறினேன், மீற்றர் அசையவில்லை. ஐந்தாம் தரம் உச்சியில் நிறுத்தினேன். எங்கோ கூரையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது. நாற்பது பிள்ளைகளின் கூச்சலோடு இருபத்திரண்டு வருடம் ஓடிய காது என்னுடையது. அந்த அமைதி எனக்குள் இறங்கி என்னவோ செய்தது. எதற்கு வந்தேன் என்பதே மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

கீழே வந்ததும் இவர் கேட்டார். "சொல்லு, எது?"

பச்சை வண்டி நவம்பர்க் குளிரில் இரண்டு கிலோமீற்றர்கூடத் தாங்காது. அது நின்றால் இவர் மானிடம் போய்ச் சேரமாட்டார். சேராவிட்டால் துவக்கு போய்விடும். ஒரு சொல்லில் காரியம் முடிந்துவிடும்.

"பச்சை" என்றேன்.

இவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குக் கூசியது. மரியோ பேனையைக் கையில் வைத்தபடி என்னை ஒரு தரம் பார்த்தான். கடதாசியையும் வண்டியையும் பிறகு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

திரும்பி வரும்போது நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகனம் குறைவு. இவர் காரை ஓட்டிக்கொண்டே பேசிக்கொண்டு வந்தார். என்ன நிறம் அடிப்பது, கத்திப் பெட்டியை எங்கே பூட்டுவது, மானை ஏற்ற எப்படிச் சாய்தட்டு வைப்பது. பேச்சு அப்படியே கனவாகிக்கொண்டு போனது. பிக்கறிங் நெருங்கும்போது சொன்னார்: "நீ பாத்தெடுத்த வண்டி. இனிக் காணியின்ர கடைசி எல்லை மட்டும் போவன். இடையில நிண்டிடுமோ எண்ட பயம் இல்லை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை நான் வண்டி நிற்பதைத்தான் நினைத்தேன். எங்கே நிற்கும் என்று நினைக்கவில்லை. காணியின் கடைசி எல்லையில், தொலைபேசி எடுக்காத பள்ளத்தில், ஒரு முழங்காலோடு இவர் நிற்பது இப்போதுதான் தெரிந்தது. என்னுடைய சொல்லை நம்பித்தான் அவ்வளவு தூரம் போயிருப்பார்.

"காரைத் திருப்புங்க."

"என்ன, ஹாண்ட்பாக்கை விட்டிட்டு வந்திட்டியா?"

"பச்சைக்குப் பட்டரி செத்துப் போச்சு. மோட்டாரும் சரியில்லை. தெரிஞ்சுதான் சொன்னன்."

இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்?"

"நீங்க போய்ச் சேரக்கூடாதெண்டுதான். துவக்குப் போகட்டும் எண்டுதான்."

சிக்னல் டிக் டிக் என்று அடித்தது. அடுத்த வழியால் இறங்கி, பாலத்தைச் சுற்றி, மறுபடி ஒஷாவா பக்கம் ஏறினார். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன். அப்படி வெட்கமாக இருந்தது எனக்கு.

மரியோ எங்களைக் கண்டதும் சிரித்துவிட்டான். பட்டரி விசயத்தில் மனைவியிடம் பொய் சொன்ன புருசன்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன், மறுவளமாக இன்றுதான் பார்க்கிறேன் என்றான். கடதாசியை அவன் இன்னும் எழுதவே இல்லை.

"வெள்ளையைத் தா" என்று இவர் அவனிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "இப்ப சந்தோசமா?" என்றார்.

"இல்லை. இன்னுமொண்டு இருக்கு. வண்டியை நான்தான் ஓட்டுவன். நீங்க போற இடமெல்லாம் நானும் வருவன்."

"துவக்கு வெடிக்கிற இடத்தில நீ என்ன செய்வாய்?"

"பிரேக் பிடிப்பன்."

அப்போதுதான் இவர் சிரித்தார். எனக்கும் மூச்சு வந்தது.

ஏப்ரலிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் வெள்ளை வண்டி முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது. இவர் அதை ஆறு அங்குலம் உயர்த்தினார். காட்டு டயர் பூட்டினார். பின்சீற்றைக் கழற்றி இரும்புத் தட்டுப் போட்டு, ஃபர்னஸ் குழாய்க்கு வாங்கி மிஞ்சிய தகட்டை வளைத்து அதற்குச் சுவர் அடித்தார். மண்ணிறம் பூசினார். பூச்சு இரண்டு தரம் அடித்தும் கோல்ஃப் கழகத்தின் பெயர் அடியிலிருந்து மெல்லத் தெரிந்தது, அதை அப்படியே விட்டுவிட்டார். பின்னுக்கு எடுத்தால் வண்டி பீப் பீப் என்று கத்தும். அந்த வயரை வெட்டப் போனபோது எங்களுக்குள் சண்டை. பின்னுக்கு எடுக்கும்போது கத்தாத வாகனத்தை நான் ஓட்டியதே இல்லை.

"காட்டுக்குள்ள ஆர் பின்னால நிக்கப் போறது? கரடியா?"

"நிண்டா அதுக்கும் தெரிய வேணும்தானே!"

கடைசியில் வெட்டினார். பெடலை மிதிக்கும்போது சீற்றின் கீழே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதையும் விடவில்லை. றப்பரைச் சுற்றி, பஞ்சை வைத்து, காதைக் கொண்டுபோய் வைத்து, மறுபடி சுற்றி, ஒரு கிழமை அதோடு போனது. எங்கள் மகள் ஸஹ்னா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அன்று ஜன்னலால் பார்த்துவிட்டு, "உம்மா, ஐ காண்ட் ஈவன். வாப்பா கோல்ஃப் கார்ட்டோட விஸ்பர் பண்ணிக்கொண்டிருக்கிறார்" என்றாள்.

சுபஹ் தொழுதுவிட்டு நான் அதை ஓட்டிப் பழகுவேன். எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையின் பின்னால் ஒரு தனியார் பாதை இருக்கிறது. வானம் வெளுக்கிற நேரம். பெடலை மிதித்தால் வீடுகள் தாமாகவே பின்னால் நகரும். யாருடையதோ சமையலறை லைற், யாருடையதோ துளசிச் சாடி, ஒரு பூனை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போகும். பூனை தலையைக்கூடத் திருப்பாது. ஒரு நாள் எட்டு மணி பஸ்ஸுக்குப் போக மறந்து பத்தாவது சுற்றில் இருந்தேன். இவர் சோஃபாவில் கண்ணை மூடிக்கொண்டு எங்கே போய் வந்தார் என்பது எனக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது.

நவம்பரில் கிளிபோட்டின் பழைய பண்ணை வீட்டில் தங்கினோம். செம்மஞ்சள் நிறத்தில் தலைக்கும் உடம்புக்கும் போட வேண்டும் என்பது வேட்டைச் சட்டம். நான் அந்த நிறத்தில் ஹிஜாப் தைத்துக்கொண்டு போனேன். கிளிபோட் என்னைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக உடுத்த வேட்டைக்காரரை நான் கண்டதில்லை என்றார். வண்டியில் போகும்போது துவக்கில் ரவைக் குண்டு இருக்கக்கூடாது, பையில் போட்டு மூடியிருக்க வேண்டும். இறங்கி, தன் இடத்துக்குப் போன பிறகுதான் இவர் ரவை போடுவார். முதல் இரண்டு நாளும் ஒன்றும் வரவில்லை. இவர் முகம் சுருங்கிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள்தான் கடைசி நாள்.

அன்று விடியும்போது மூடுபனி. பத்தடிக்கு அப்பால் மரங்களுக்கு அடி இல்லை, நுனி இல்லை. நான் மெதுவாக ஓட்டினேன். சில்லின் கீழே இலைகூட ஈரத்தில் ஊறிச் சத்தம் போட மறந்திருந்தது. இவர் பக்கத்தில் இருந்தார், தோளோடு தோள் முட்டிக்கொண்டு. இருவரும் ஒரே நித்திரைக்குள் போகிற மாதிரி இருந்தது. இந்தப் பாதை முடியாமல் இப்படியே போனால் நல்லது என்று நினைத்தேன்.

ஒரு பாறை மேட்டின் அடியில் நிறுத்தினேன். இவர் துவக்குப் பையோடு இறங்கி, கல்லைப் பிடித்துப் பிடித்து முப்பது அடி மேலே ஏறி, அங்கே வைத்திருந்த சின்ன முக்காலியில் இருந்தார். ஏறி முடிக்கக் கால் மணித்தியாலம் ஆனது. நான் கீழே வண்டியிலேயே இருந்தேன். பனி மெல்ல மெல்ல மேலே எழும்பியது.

முதலில் ஒரு பெண் மான் வந்தது. எனக்குப் பக்கத்தால், கையை நீட்டினால் தொடலாம். வண்டியை முகர்ந்தது. என்னைப் பார்த்தது. அதன் இமை மயிரில் பனித்துளி நின்றது. நான் மூச்சு விடவில்லை. அது என்னை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் தாண்டிப் போய்ப் பனிக்குள் கரைந்தது. அதன் பின்னால், தூரத்தில், கொம்போடு ஒன்று நடந்து வந்தது.

வெடிச் சத்தம் என் நெஞ்சில் இடித்தது. கொம்பு மான் ஒரு தரம் துள்ளி, இறக்கத்தால் ஓடி, ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் புல்லில் மடிந்து விழுந்தது. தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. உயிர் இருந்தது.

நான் மேலே பார்த்தேன். இவர் ரவையைக் கழற்றி, கல்லில் கையூன்றி, ஒரு காலை இறக்கி, மற்றக் காலை இறக்க முடியாமல் நின்றார். இறங்கி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"போ!" என்று கத்தினார். "நீ போ, ஜலீலா! என்னைப் பாக்காத!"

நான் பெடலை மிதித்தேன். இறக்கம், மரக்குத்தி, ஓடைக்கு மேல் கிளிபோட் போட்டிருந்த பலகைப் பாலம், பிறகு புல். வண்டி ஒரு இடத்திலும் திணறவில்லை. நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பனிக்குள் செம்மஞ்சள் புள்ளியாக இவர் இன்னும் பாறையிலேயே இருந்தார்.

கத்தி பெட்டியில் இருந்தது. என் வாழ்நாளில் நான் ஒரு கோழிகூட அறுத்ததில்லை. எங்கள் வீடுகளில் ஆம்பிளைகள் அறுப்பார்கள், நாங்கள் சட்டியோடு நிற்போம். பொம்பிளை அறுக்கக்கூடாது என்று சொல்கிறவர்கள் இன்னும் எங்களுக்குள் இருக்கிறார்கள். கூடும் என்று பள்ளிவாசல் வகுப்பில் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு சரி. மானின் மூச்சு வெள்ளையாக வந்து வந்து போனது. அது நோவுபட்டுக்கொண்டிருந்தது. இனி யாருக்கும் காத்திருப்பது பாவம் என்று எனக்குத் தோன்றியது.

கொம்பைப் பிடித்துத் தலையைத் திருப்பி வைத்தேன். "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தேன். எல்லாம் முடிந்த பிறகு கத்தியைப் புல்லில் துடைத்தேன்.

இவர் வந்து சேரும்போது நான் புல்லில் இருந்தேன். வண்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"உசிர் இருந்ததா?"

"இருந்தது."

"பிஸ்மி?"

"சொன்னன்."

மானைப் பார்த்தார். சுற்றிவரப் பார்த்தார். பனி விலகி, ஓடைக்கு அப்பால் சூரியன் மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்தது. "எந்தப் பக்கம் திருப்பினாய்?"

"கிப்லாவுக்கு."

"இது மேற்கெல்லே."

எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. மன்னாரிலிருந்து மக்கா மேற்கே. ரொறொன்ரோவிலிருந்து வடகிழக்கே. முப்பது வருடமாக ஒரு நாளைக்கு ஐந்து தரம் வடகிழக்கே பார்த்து நின்ற மனுசி நான், அவசரத்தில் கை போனது மன்னார்க் கணக்குக்கு. "இப்ப என்ன செய்யிறது?" என்று அழுகிற குரலில் கேட்டேன். இவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வருடமாக நான் கேட்காத சிரிப்பு.

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. திருப்பிறது நல்லது, அவ்வளவுதான். இறைச்சி கூடும். மோர்னிங்சைட்டில பங்கு வைக்கேக்க நீ அறுத்ததெண்டு சொல்லித்தான் குடுப்பன். வேண்டாமெண்டுறவைக்கு வேண்டாம்."

வேட்டை அனுமதிச் சீட்டை மானில் கட்டி, சாய்தட்டை இறக்கி, இரண்டு பேரும் இழுத்து மானை ஏற்றினோம். கயிறைக் கட்டி முடித்த பிறகு இவர் தகட்டுச் சுவரில் கையை வைத்தபடி நின்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நான் போய்ச் சேரேல்ல, ஜலீலா."

"வண்டி சேர்ந்ததுதானே. நீங்க செய்த வண்டி."

"ஓட்டினது நீ. அறுத்தது நீ. நான் வல்லாஹி எண்டு சொன்னனான். துவக்கைக் குடுத்திடுறன்."

ஒரு வருடமாக நான் இறைஞ்சிக் கேட்ட துஆ கபூலாகி, நிறைவேறி முன்னால் வந்து நின்றது. துள்ளிக் குதிக்க வேண்டியவள் நான். என்னால் முடியவில்லை. இவர் இந்தக் காட்டை ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த குளிர்காலத்தில் அந்தச் சோஃபாவில் கண்ணை மூடினால் இவருக்குப் போக ஒரு இடமும் இருக்காது. எனக்கும் இருக்காது என்பதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது.

"ஆருக்குக் குடுக்கப் போறீங்க?"

"ஆரும் எடுப்பினம்."

"எனக்குத் தாங்க."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே தெரிந்தது. இவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் மானின் பார்வையைவிட ஆச்சரியம் கூட இருந்தது.

"உனக்கா? அதுக்கு லைசன்ஸ் வேணும். வகுப்பு இருக்கு, சோதினை இருக்கு."

"நாப்பது பிள்ளையை ஏத்தி ஓட்டச் சோதினை பாஸ் பண்ணினவள் நான்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

நான் ஓட்டுகிற பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். மார்ச் மாதத்திலிருந்து அந்த இடத்தை இவருக்கு ஒரு தரமும் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது பக்கத்துச் சீற்றுக்குத் தள்ளி இருந்தேன்.

இவர் நின்று யோசித்தார். பிறகு நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து ஏற்றி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பெடலை மிதித்தார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. மரங்கள் நகரத் தொடங்கின.

"எங்க போறது?" என்றார், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த டிரைவர் மாதிரி.

"வீட்டுக்கு" என்றேன்.